மிதித்து வைத்த மண்

பல்லடம்
8.1.2024

கீர்த்தனாவுக்கு அப்பா எழுதுவது.

உன் நம்பருக்குக் கூப்பிட்டால் ஒரு மணி அடித்து நின்றுவிடுகிறது. கோழித்தீவன வண்டி ஓட்டும் சதீஷ்குமாரிடம் காட்டினேன். "பாப்பா உங்கள பிளாக் பண்ணி வெச்சிருக்குதுங்க" என்றான். அதனால்தான் காகிதத்தில் எழுதி அவனிடமே கொடுத்துவிடுகிறேன். செவ்வாயும் வெள்ளியும் முதலிபாளையம் பக்கம் வருகிறான். பதில் எழுதினால் அவனிடம் கொடு.

பூமி பூஜையன்று நான் நடந்துகொண்டது தப்புதான். அத்தனை பேர் பார்க்க உன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி எறிந்திருக்கக் கூடாது.

நீ கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக ஓர் இடம். நல்ல காரியம். இடமும் உன் அம்மா உனக்கு எழுதி வைத்தது. மண்ணால் கட்டாதே என்றுதான் சொல்கிறேன். செங்கல், சிமெண்டு, கம்பி எல்லாம் நானே இறக்கித் தருகிறேன். மண் சுவர்தான் வேண்டுமென்றால் காங்கயம் பக்கமிருந்து லாரியில் மண் வரச் சொல்கிறேன். நம் காட்டு மண் வேண்டாம் கண்ணு. வடகிழக்கு மூலையில் மட்டுமாவது கை வைக்காதே.

காரணம் கேட்பாய். அங்கே சாயப்பட்டறை இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அப்பா

*

முதலிபாளையம்
12.1.2024

அப்பா,

சாயப்பட்டறை இருந்தது எனக்குத் தெரியாதா? நான் ஈரோட்டு ஹாஸ்டலில் பத்தாவது படித்ததே அந்தப் பட்டறைப் பணத்தில்தானே. மண்ணை லேபில் கொடுத்துப் பார்த்துவிட்டேன். நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காங்கயத்திலிருந்து லாரியில் மண் கொண்டுவந்து இயற்கைக் கட்டிடம் கட்டுவதைவிட நீங்கள் சொல்லும் சிமெண்டிலேயே கட்டிவிடலாம்.

வடகிழக்கு மூலையில் ஐந்தாம் தேதியே தோண்ட ஆரம்பித்துவிட்டோம். மற்ற இடமெல்லாம் ஓடைக்கல்லாக இருக்கிறது. அங்கே மட்டும் மண்வெட்டி வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்குகிறது. யாரோ ஏற்கெனவே ஒருமுறை தோண்டி மூடினது போல.

என்னையும் சேர்த்துப் பதினோரு பேர் வேலை செய்கிறோம். பாங்கியில் ரிடையர் ஆனவர் ஒருவர், கோயம்புத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர்கள், மண்ணரையிலிருந்து இக்ரா என்று ஒரு கல்லூரிப் பெண். யாருக்கும் சம்பளம் கிடையாது. சாயங்காலம் ஆழமில்லாத ஒரு குழியில் மண்ணைக் கொட்டி, வைக்கோல் போட்டுத் தண்ணீர் விட்டு ஊற வைப்போம். மறுநாள் காலை எல்லோரும் இறங்கி மிதிப்போம். மண் பதமானதும் உருண்டை பிடித்து அடுக்க வேண்டியதுதான்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். நான்கு நாளாக எங்களுக்கு மிதிக்கிற வேலையே இல்லை. காலையில் வந்து பார்த்தால் யாரோ மிதித்து வைத்திருக்கிறார்கள். அதுவும் எங்களைப் போலக் கன்னாபின்னாவென்று இல்லை. ஓரத்திலிருந்து ஆரம்பித்து வரிசை வரிசையாக, ஒரு கட்டிகூட இல்லாமல். நடுவில் ஒற்றை ஆளின் காலடி. பாங்கிக்காரர், "பதினொண்ணு இல்லீங்க, நாம பன்னெண்டு பேரு" என்று சிரிக்கிறார்.

கீர்த்தனா

*

பல்லடம்
19.1.2024

கீர்த்தனாவுக்கு,

பொங்கலுக்கு நீ வரவில்லை. பரவாயில்லை.

பக்கத்துக் காட்டுக்காரர் எவராவது விளையாடுவார்கள். அல்லது உன் ஆட்களே ஒருவர் மிதித்துவிட்டுச் சொல்லாமல் இருப்பார். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. ஆனால் அந்த மண்ணைச் சுவருக்கு எடுக்க வேண்டாம். கொட்டிவிடு.

நம் கோழிப் பண்ணையில் முந்நூறு குஞ்சு செத்துப் போயிற்று. டாக்டர் சீக்கு ஒன்றும் இல்லை என்கிறார். எனக்கும் உடம்பு சுகமில்லை. 

ஒன்று கேட்க வேண்டும். அந்தக் காலடியில் இடது காலைப் பார்த்தாயா? சுண்டுவிரல் பதிந்திருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

அப்பா

*

முதலிபாளையம்
23.1.2024

அப்பா,

உங்கள் கடிதத்தை இக்ராதான் வண்டியிலிருந்து வாங்கிக்கொண்டு வந்தாள். கடைசி வரியைப் படித்ததும் அப்படியே மண் குழிக்குப் போனேன். காலை ஒன்பது மணி, நல்ல வெயில். குனிந்து பார்த்தேன். பிறகு இக்ராவையும் பார்க்கச் சொன்னேன், எனக்கு என் கண் மேலேயே நம்பிக்கை இல்லாமல்.

வலது காலில் ஐந்து விரல். இடது காலில் நான்கு. எந்தத் தடத்திலும் சுண்டுவிரல் இல்லை.

உங்களுக்கு எப்படித் தெரியும்?

மூன்று நாளாக, யாரோ விளையாட்டுக்குச் செய்கிறார்கள் என்று நினைப்பதையே விட்டுவிட்டோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மண்ணை ஊற வைத்து, மேலே தார்ப்பாய் போட்டு, நான்கு பக்கமும் கல் அடுக்கி, கல்லுக்கு மேல் கோலமாவு தூவிவிட்டுப் போனோம். காலையில் கல் அசையவில்லை, மாவு கலையவில்லை. தார்ப்பாயை எடுத்தால் உள்ளே மண் மிதிபட்டிருக்கிறது. தார்ப்பாய்க்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை அப்பா. ஓர் ஆள் நிமிர்ந்து நின்று மிதித்த ஆழத்துக்குத் தடம் இருக்கிறது. குழிக்கு வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை.

இன்னொன்று. வடக்குச் சுவர் என் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. தெற்கே முதலில் எடுத்த மண்ணில் எழுப்பிய மற்ற மூன்று சுவரும் வெயிலில் வெளுத்துக் காய்ந்து நிற்கின்றன. வடகிழக்கு மண்ணில் எழுப்பிய இது மட்டும் காயவில்லை. கை வைத்தால் சில்லென்று இருக்கிறது. நேற்று அதன் அடியிலிருந்து ஊதா நிறத்தில் நீர் கசிந்தது. மூன்று பேர் நாளையிலிருந்து வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

லேபுக்குக் கொடுத்த மண் தெற்குப் பக்கத்தில் எடுத்தது. இங்கே எடுத்துக் கொடுக்கவில்லை. அது என் தப்பு. இன்று இந்த மண்ணையும் அனுப்பியிருக்கிறேன்.

சும்மா கேட்டதாக மறுபடியும் எழுதாதீர்கள்.

கீர்த்தனா

*

பல்லடம்
30.1.2024

கண்ணு,

நீ அந்த இடத்தை விட்டு வந்துவிடு. கட்டினது போகட்டும். மண் எடுத்த குழியை மூடு. எவ்வளவு ஆழம் போயிருக்கிறாய்? அதை மட்டும் எழுது.

நான்கு விரல்காரன் ஒருவன் பட்டறையில் வேலை செய்தான். துணி பிழியும் மெஷின் மூடி காலில் விழுந்து விரல் போயிற்று. அது ஞாபகம் வந்தது, கேட்டேன். ஊருக்குப் போனவன் பிறகு வரவில்லை. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை உன்னை நேரில் பார்த்துச் சொல்லலாம் என்று திருப்பூரில் பஸ் மாறி முதலிபாளையம் பிரிவு வரை வந்தேன். கண்டக்டர், "பெரியவரே, எறங்குலீங்களா?" என்றார். எழுந்தேன். படி வரை போய்விட்டு மறுபடியும் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். பஸ் நம் காட்டைத் தாண்டும்போது வேலிக்குள் உன் ஆட்கள் சுவர் அடுக்குவது தெரிந்தது. எண்ணிப் பார்த்தேன். எட்டுப் பேர்தான் இருக்கிறார்கள் என்று நீ எழுதின கணக்கு. நான் ஒன்பது எண்ணினேன். ஒன்பதாவது ஆள் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மண் மிதிக்கும் குழிக்குள் நின்றிருந்தான்.

வந்துவிடு சாமி.

அப்பா

*

முதலிபாளையம்
5.2.2024

அப்பா,

ஏழு அடி போயிருக்கிறோம். நேற்று கடப்பாரை டங்கென்று நின்றது. சுரண்டிப் பார்த்தால் சிமெண்டு மூடி. வட்டமானது. 

இனி நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். 

நேற்று மதியம் குழிக்குள் இக்ரா மட்டும் நின்று அந்த மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேலே சுவர் வேலைக்கு ஏணி வேண்டியிருந்தது. பாங்கிக்காரர் குழியிலிருந்த ஏணியைத் தூக்கினார். உடனே இக்ரா கத்தினாள். எல்லோரும் ஓடினோம். மேலே தூக்கி உட்கார வைத்தபோது அவள் இரண்டு காலையும் தரையில் படாமல் மடக்கி வைத்துக்கொண்டாள்.

"யாருக்கா கீழ இருக்கிறது?" என்று என்னைக் கேட்டாள்.

"ஒருத்தரும் இல்ல இக்ரா. நீ மட்டுந்தான் இருந்த."

"இல்லக்கா. மூடிக்கு அடியில. 'ஏணிய எடுத்துராதீக, மொதலாளி, ஏணிய எடுத்துராதீக'ன்னு சொன்னாங்க. என் காலுக்கு அடியில சொன்னாங்கக்கா."

எடுத்துராதீக. நம் பக்கத்துப் பேச்சு இல்லை. தெற்கத்திப் பேச்சு. இங்கே வேலை செய்கிறவர்களில் தெற்கத்தியார் ஒருவரும் இல்லை. இக்ரா பிறந்ததிலிருந்து திருப்பூரைத் தாண்டாதவள்.

அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். திரும்பும் வழியில் நம் பட்டறையில் பாய்லர் பார்த்த கைருதீன் பாய் நினைவு வந்தது. மண்ணரையிலேயே வேஸ்ட் துணிக் கடை வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து நாற்காலி போட்டார், டீ சொன்னார். நான்கு விரல்காரர் யார் என்று கேட்டேன். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"முனீஸுங்க" என்றார். பிறகு, "உங்கப்பாகிட்டயே கேளுங்க கண்ணு. அந்த ஏணி மட்டுந்தான் ஞாபகம் இருக்குதுன்னு கைருதீன் சொன்னான்னு சொல்லுங்க. பதிமூணு வருசமா அதுதானுங்க எங்கண்ணுல நிக்குது" என்றார். அழுதார். அவர் பேத்தி கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஏணி என்ற வார்த்தையை அவரிடம் சொல்லவே இல்லை அப்பா.

வரும் திங்கட்கிழமை பத்து மணிக்குப் போலீஸையும் தீயணைப்புக்காரர்களையும் வைத்துக்கொண்டு மூடியைத் திறக்கப் போகிறேன். அதற்கு முன்பு உங்களிடமிருந்து தெரிந்துகொள்ள விரும்புகிறேன். மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று பார்க்கிறேன்.

கீர்த்தனா

*

பல்லடம்
9.2.2024

கீர்த்தனாவுக்கு,

சாயப்பட்டறைகளையெல்லாம் மூடச் சொல்லி உத்தரவு வந்த வருஷம். எல்லோரும் மூடினார்கள். நான் முன்பக்கம் பூட்டிவிட்டுப் பின்பக்கம் ஓட்டினேன். கழிவு நீரை வெளியே விட்டால் தெரிந்துவிடும் என்று வடகிழக்கு மூலையில் ஆளுயரத்துக்கு மேல் பள்ளம் தோண்டி, அதன் அடியில் தொட்டி கட்டி அதில் விட்டேன். மூன்று மாதத்தில் சகதி ஏறி அடைத்துக்கொண்டது.

முனீஸ் கமுதிப் பக்கம். முப்பது வயது இருக்கும். தொட்டியில் துணி மிதிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. வரிசை பிசகாமல் மிதிப்பான். நான் சொன்னால் மறுக்க மாட்டான். "எறங்கி அடைப்ப எடுத்து விடு முனீஸ்" என்றேன். ஏணி போட்டு இறங்கினான். கைருதீன் மேலே நின்றான். மதியம் ஒரு மணி.

இறங்கி ஐந்து நிமிஷத்தில் விழுந்துவிட்டான். கைருதீன், "மொதலாளி, நான் எறங்கறனுங்க" என்று ஏணியில் கால் வைத்தான். அவனுக்கு மூன்று பெண் குழந்தைகள். இறங்கினால் அவனும் போவான் என்று தெரிந்தது. ஏணியை உருவி எடுத்தேன். அவனைப் பிடித்துக் கேட்டுக்கு வெளியே தள்ளிப் பூட்டினேன். கைருதீனைக் காப்பாற்றத்தான் எடுத்தேன். அது சத்தியம்.

தீயணைப்புக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பட்டறை ஓடுவது தெரியும், கேஸ் வரும், உன் படிப்பு, உன் அம்மா என்று என்னென்னவோ தோன்றியது. அதற்குள் அவன் போயும்விட்டான். விழுந்தவன் அப்போதே போய்விட்டான். மூடியைப் போட்டேன். மறுநாள் பள்ளத்தை மண் அடித்து நிரப்பினேன். ஊருக்குப் போய்விட்டான் என்று எல்லோரிடமும் சொன்னேன். அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். தேடிக்கொண்டு ஒரு பொம்பளை ஒருமுறை வந்தது. அதனிடமும் அதையே சொன்னேன்.

நீ திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை நானே ஸ்டேஷனுக்குப் போகிறேன். இந்தக் கடிதத்தையும் அவர்களிடம் கொடு.

வடக்குச் சுவரில் இருப்பது அந்தத் தொட்டியை மூடின மண். சாயம் ஊறினது. பிள்ளைகள் புழங்கும் இடத்தில் அதை வைக்காதே. முதலிலேயே இதையாவது சொல்லியிருக்கலாம்.

அப்பா

*

முதலிபாளையம்
27.2.2024

அப்பா,

சிறைக்கு எழுதும் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். படிக்கட்டும்.

மூடியைத் திறந்தார்கள். தீயணைப்புக்காரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு இறங்கினார்கள். நான் தூரத்தில் நின்றேன். எடுத்துப் போனதை நான் பார்க்கவில்லை. கைருதீன் பாய் பார்த்தார். பார்த்தே ஆக வேண்டும் என்று நின்றார். அவரிடமும் வாக்குமூலம் வாங்கியிருக்கிறார்கள். அவருக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை.

லேபிலிருந்தும் பதில் வந்தது. அந்த மண்ணைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது என்கிறார்கள். நாங்கள் ஒரு மாதம் வெறுங்கையால் அதை உருண்டை பிடித்திருக்கிறோம். ஊர்ப் பிள்ளைகளை அந்தச் சுவரில் சாய்ந்து தூங்க வைத்திருப்பேன். வடக்குச் சுவரை இடித்துவிட்டோம். இடிக்கிறபோது வெளிப்பக்கம் ஒரு விரல் கனம்தான் காய்ந்திருந்தது. உள்ளே அன்றைக்குப் பிசைந்த மண் போலவே இருந்தது. இக்ரா வரவில்லை. அவள் அப்பா போனை எடுப்பதில்லை.

முனீஸின் அக்கா வந்திருக்கிறார். இருளாயி என்று பெயர். அன்றைக்கு உங்களிடம் தேடி வந்தவர் இவர்தான். பதிமூன்று வருஷமாகத் தம்பி எங்கேயோ கல்யாணம் பண்ணிக்கொண்டு தன்னை மறந்துவிட்டான் என்று திட்டிக்கொண்டிருந்தாராம். திட்டினதை நினைத்துத்தான் அதிகம் அழுகிறார். இரண்டு நாளாக என்னோடுதான் இருக்கிறார். நான் கொடுத்த சோற்றைச் சாப்பிட்டார். என் கையால் வாங்கிக்கொள்ள எப்படி மனசு வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

கடைசியாக மிதிபட்ட மண் குழியில் அப்படியே காய்ந்து கிடந்தது. கூட்டிப் போய்க் காட்டினேன். உட்கார்ந்து ஒவ்வொரு தடமாகப் பார்த்தார். "கால அகட்டித்தான் வைப்பான். அதுக்கே எங்காத்தா அவன வையும்" என்றார். பிறகு இக்ரா கேட்டதைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

"ஏணிய எடுக்காதீகன்னு சொன்னான்ல தாயி? அப்ப ஏணிய எடுக்கையில உசுரோட இருந்திருக்கான்ல?"

உங்கள் கடிதத்தில் அப்போதே போய்விட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

"ஒங்க அய்யாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லு. கேசுக்கு வேணாம், எனக்கு வேணும். என் தம்பி எம்புட்டு நேரம் கூப்புட்டுக்கிட்டுக் கெடந்தான்?"

கேட்டுவிட்டேன். ஊருக்குப் போகாமல் காத்திருக்கிறார்.

கீர்த்தனா

*

மத்திய சிறை
6.3.2024

கீர்த்தனாவுக்கு,

இதை அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டு. ஒரு வரியையும் விட்டுவிடாதே.

ஏணியை உருவும்போது அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். கீழ்ப்படியைக் கையால் பிடித்திருந்தான். நான் இழுத்ததில் கை விட்டுப் போயிற்று. கைருதீனை வெளியே தள்ளிப் பூட்டிவிட்டு வந்தபோது ஏணி என் கையில் இருந்தது. திரும்பவும் கீழே விட்டிருக்கலாம். விடவில்லை. மூடியை நகர்த்தினேன்.

முதலில் என்னைக் கூப்பிட்டான். அப்புறம் கைருதீனைக் கூப்பிட்டான். கைருதீன் கேட்டுக்கு வெளியே நின்று தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தான், அவனுக்குக் கேட்டிருக்காது. அதன் பிறகு பெயர் எதுவும் இல்லை, அக்கா, அக்கா என்றுதான். சத்தமாக இல்லை. விட்டு விட்டுக் கேட்டது.

மண்ணரைப் பள்ளிவாசலில் மூன்றரைக்குப் பாங்கு சொன்னார்கள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்று அந்த அம்மா கேட்கும். அதுவரை அந்த மூடியின் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

மணியன்